தோட்டாவின் கழுத்தும் ரப்பர் பாலும்

பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் ஒரு சாயா போட்டுக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள். வீட்டில் காஸ் சிலிண்டரும், அதற்குப் பக்கத்திலேயே ரப்பர் பால் பீப்பாயோ மாட்டுத்தொழுவமோ இருப்பவர்கள் கடைசிவரை வாசித்துவிடுங்கள்.

போன மழைக்காலத்தில் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அக்காவைக் கொண்டுவந்தார்கள். (அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) வலது முன்கை முழுக்கத் தீக்காயம், கொப்புளங்கள். புருவமும் முன்நெற்றி முடியும் பொசுங்கியிருந்தன. விடியற்காலையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாய்ப்பில் வெந்நீர் அடுப்புக்குத் தீப்பெட்டியை உரசியிருக்கிறார். தரையிலிருந்து 'குப்'பென்று ஒரு நீலம் எழும்பியது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது என்றார். நல்லவேளை, தொண்டைக்குள் காயம் இல்லை. குரல் மாறவில்லை, மூச்சும் சரியாக இருந்தது.

சிலிண்டரை அந்தச் சாய்ப்பில்தான் வைத்திருந்தார்கள். அங்கிருந்து சுவர் வழியாக ஒரு செப்புக்குழாய் அடுக்களைக்குப் போகிறது. மறுநாள் அவருடைய வீட்டுக்காரர் ஒரு காகிதப் பொதியைப் பிரித்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு பித்தளை நட். குழாயை இணைக்கிற நட்.

"ஒருத்தரும் தட்டவுமில்ல முட்டவுமில்ல சாரே. தன்னால வெடிச்சிருக்கு."

எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். நசுங்கல் இல்லை, அடிபட்ட தடம் இல்லை, தேய்மானம் இல்லை. விளிம்பிலிருந்து நேராகக் கீழே ஒரு மெல்லிய கீறல், பிளேடால் கிழித்த மாதிரி. அந்தக் கீறலை எனக்குத் தெரியும். அதே மாதிரி ஒன்றைப் பள்ளிக்கூட நாட்களில் பார்த்திருக்கிறேன், ஒரு தோட்டாவின் கழுத்தில்.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும். சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் புல்லுக்குள் தவழ்ந்து தேட வேண்டும். அப்படி ஒரு நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது எங்கள் ஹவில்தார் தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய .303 தோட்டாக் கூட்டை எடுத்துக் காட்டினார். கழுத்தில் நெடுக ஒரு பிளவு. "இது சுட்டதுல வெடிச்சது இல்ல. சும்மா இருந்தபோதே வெடிச்சது. மழைக்காலத்துல பித்தளைக்கும் சளி பிடிக்கும்" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சொன்னது பாதி உண்மை என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

1857 என்றதும் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு சில பத்தாண்டுகளுக்குள் காகிதம் போய்ப் பித்தளை வந்தது. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தக் கலவைக்கு உலகம் முழுக்கவே 'தோட்டாப் பித்தளை' என்று பெயர். ஏன் பித்தளை? சுடும்போது உள்ளே எழும்பும் அழுத்தத்தில் அது விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்பக்கம் கசியாது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கிப் பிடியை விடும், வெளியே எடுக்கலாம். இரும்புக்கு இந்த நெளிவு சுளிவு குறைவு.

ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தப் பித்தளைக் கூடுகள் ஒரு வினோதம் செய்தன. மழைக்காலத்தில், பெட்டிக்குள் சும்மா இருந்தபடியே, கழுத்துப் பகுதியில் வெடித்தன. அதனால் இந்த நோய்க்கே 'பருவ வெடிப்பு' என்று ஆங்கிலத்தில் பெயர் வந்தது. பருவம் என்றால் நம் பருவமழைதான். உலோகவியல் பாடப்புத்தகங்களில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. ஈரத்தைப் பழித்தார்கள், பித்தளையின் தரத்தைப் பழித்தார்கள். விஷயம் வேறு இடத்தில் இருந்தது. மழை ஓயும்வரை தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள் என்பது இந்தக் கதையில் வழக்கமாகச் சொல்லப்படும் தகவல்.

லாயம் என்றதும் மருத்துவ மூக்கு விழித்துக்கொள்கிறது இல்லையா?

புதிதாகப் பெய்த சிறுநீரில் அம்மோனியா மிகக் கொஞ்சம்தான். யூரியாதான் அதிகம். தரையில் விழுந்த பிறகு பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் அந்த யூரியாவை உடைக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா கிளம்புகிறது. பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்தின் நாற்றம் இதுதான். (இதே நொதியை வைத்துக்கொண்டுதான் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி நம் இரைப்பை அமிலத்துக்குள் அம்மோனியாப் போர்வை போர்த்திக்கொண்டு சுகமாக வாழ்கிறது. அது இன்னொரு நாளைக்கு.)

1921இல் மூர், பெக்கின்சேல், மேலின்சன் என்ற மூவரும் இதைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சாராம்சம் இதுதான். தோட்டாக் கூடு ஒரு தட்டையான பித்தளை வில்லையிலிருந்து பல கட்டமாக இழுத்து இழுத்து நீட்டப்படுகிறது. கடைசியில் கழுத்தை நெருக்கிக் குண்டைக் கவ்வ வைக்கிறார்கள். இத்தனை இழுப்பும் நெருக்கலும் உலோகத்துக்குள் ஒரு விறைப்பாகத் தங்கிவிடுகிறது. வெளியே பளபளப்பு, உள்ளே இழுவிசை. அம்மோனியாவும் ஈரமும் காற்றும் சேர்ந்து வந்தால், பித்தளையின் பரல்களுக்கு இடையே உள்ள எல்லைக்கோடு வழியாகச் செம்பை அரித்துக்கொண்டு உள்ளே போகின்றன. ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் உலோகம், பிடி தளர்ந்ததும் பிளக்கிறது.

மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். விறைப்பில்லாத பித்தளையை அம்மோனியா அப்படிப் பிளக்காது. அம்மோனியா இல்லாவிட்டால் விறைப்புள்ள கூடு பல பத்தாண்டு சும்மா கிடக்கும். முதலாம் ஆண்டு சமூக மருத்துவத்தில் எங்களுக்கு ஒரு முக்கோணம் வரைந்து காட்டுவார்கள்: நோய்க்காரணி, ஆள், சுற்றுச்சூழல். லாயத்துத் தோட்டாவை அந்த முக்கோணத்தில் அப்படியே உட்கார வைக்கலாம்.

வைத்தியமும் எளிது. சுமார் 250 முதல் 300 டிகிரி வரை இதமாகச் சூடாக்கினால் உள்விறைப்பு இறங்கிவிடும். உறுதி பெரிதாகக் குறையாது. கழுத்தை மட்டும் இன்னும் கூடுதலாகச் சூடுகாட்டி மென்மைப்படுத்துவதும் உண்டு. ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் பழுப்பும் ஊதாவுமாக ஒரு சாயல் ஓடுவதைப் பார்த்திருக்கலாம். அழுக்கு என்று நினைத்து நாங்கள் துடைத்துப் பார்த்திருக்கிறோம். அது அந்தச் சூட்டின் தடம்.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு எங்கள் ஆச்சியின் பால்போணி ஞாபகம் வந்தது. தகட்டை வளைத்து, விளிம்பு மடித்துச் செய்த பித்தளைப் போணி. பால் கறந்து முடித்துக் கழுவித் தொழுவத்திலேயே கவிழ்த்து வைத்திருப்பாள். ஒரு ஐப்பசி மழையில் விளிம்பிலிருந்து கீறல் விட்டது. "கண்ணு பட்டிருக்கு மக்கா" என்றாள். அதே வயசுள்ள செம்பும் குத்துவிளக்கும் வீட்டுக்குள் பத்திரமாக இருந்தன. அவற்றின்மேல் யாரும் கண் வைக்கவில்லை போல!

அமெரிக்கா மாதிரி சில நாடுகளில், சுட்ட கைத்துப்பாக்கித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிப் பயன்படுத்துவது சர்வசாதாரணமான பொழுதுபோக்கு. (நம் நாட்டில் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இதை வாசித்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம்.) அவர்கள் கீறலைப் பார்க்கிற விதம் நான் எக்ஸ்ரே பார்க்கிற விதம் மாதிரியே இருக்கிறது. அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் ஒரு பளபளக் கோடு தெரிந்தால், கூடு நீண்டு நீண்டு மெலிந்துவிட்டது, அடுத்தமுறை இரண்டாகப் பிரியும் என்று அர்த்தம். இது பெரும்பாலும் ரைபிள் கூடுகளின் நோய். கைத்துப்பாக்கிக் கூட்டுக்கு வாயில்தான் நோய். ஒவ்வொரு தடவையும் வாயைக் கொஞ்சம் விரித்துக் குண்டை வைத்து, மறுபடி நெருக்குகிறார்கள். கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் விறைத்து ஒடிகிற மாதிரி, வாய் விறைத்து நெடுக்காகப் பிளக்கிறது. பிளந்த கூட்டுக்கு மறுவாழ்வு கிடையாது, குப்பைதான்.

கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காதால் பிடிப்பார்கள். நாலைந்து கூடுகளைக் கையில் போட்டுக் குலுக்கினால் நல்லது கணீரென்னும், கீறியது சொத்தைச் சத்தம் போடும். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிற நம் ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்காதே என்பதும் அவர்களிடையே பழைய எச்சரிக்கை. ஒரு மருத்துவராக என் எச்சரிக்கை வேறு. சுட்ட கூட்டில் பிரைமரிலிருந்து வந்த ஈயம் படிந்திருக்கும். உலர்முறையில் உருட்டிச் சுத்தம் செய்யும்போது அது தூசியாகப் பறக்கும். துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது, காலிக் கூடுகளை வாயில் வைத்து விசிலடிக்கக் கூடாது. நாங்கள் அடித்திருக்கிறோம்.

சரி, குலசேகரத்துக்கு வருவோம்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அண்ணே, சாய்ப்புல வேற என்ன வச்சிருக்கீங்க?"

"ரப்பர் பாலு பீப்பாய்தான் சாரே. பொறவு அமோனியா கேனு."

நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரத்திலிருந்து இறக்கிய ரப்பர் பால் சில மணி நேரத்திலேயே உறைய ஆரம்பிக்கும். ஷீட் அடிக்காமல் பாலாகவே விற்க வேண்டுமென்றால் அம்மோனியா சேர்த்து வைக்க வேண்டும். அந்தக் கேன் மூடி சரியாக மூடாமல் மாதக்கணக்கில் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நனைக்கிற ஊர், ஈரத்துக்குக் குறைவில்லை. மூன்றாவதையும் கேட்டேன். குழாயை மாட்டியவர் நட்டை எப்படி முறுக்கினார்? "நல்லா பலமாட்டு முறுக்கித் தந்தாரு. ஸ்பேனருமேல ஏறி நின்னாக்கும் முறுக்கினது." கசியக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான்.

ஆய்வகத்துக்கு அனுப்பி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். நான் அனுப்பவில்லை. நட் வார்ப்பிலேயே குறை இருந்திருக்கலாம். ஆனால் விறைப்பு, அம்மோனியா, ஈரம் மூன்றும் ஓரிடத்தில் கூடியிருந்தன, கீறலும் அதே மாதிரி நெடுக்குக் கீறல். நான் பந்தயம் கட்டுவதென்றால் இதன்மேல்தான் கட்டுவேன்.

இதில் என்னை அதிகம் பயமுறுத்தியது கீறல் அல்ல, வாசம். காஸ் கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். அந்தச் சாய்ப்பில் எப்போதுமே அம்மோனியா நாற்றம். அவர்கள் மூக்கு அதற்குப் பழகிவிட்டது. "அன்னைக்கு நாத்தம் கூடுதலாட்டு இருந்துது. பாலு கேடாயிட்டுண்டுன்னு நெனச்சேன்" என்றார் அந்த அக்கா. சமையல் காஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையில் தண்ணீர் மாதிரி தேங்கும். தீக்குச்சி உரசியதும் தரையிலிருந்து நெருப்பு எழும்பியதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே, அம்மோனியா கேனையும் பால் பீப்பாயையும் சிலிண்டர், ரெகுலேட்டர், பித்தளை இணைப்பு எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். தொழுவத்தை ஒட்டியும் சிலிண்டர் வேண்டாம். இணைப்புகளில் மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், தீக்குச்சி கொளுத்திப் பார்க்காதீர்கள் (பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்!). நட்டைக் காலால் மிதித்து முறுக்க விடாதீர்கள். கீறல் விட்ட நட்டைப் பற்று வைத்து ஒப்பேற்றாமல் புதிதாக மாற்றுங்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906க்குக் கூப்பிடுங்கள்.

தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்னாலேயே கழற்றிவிடுங்கள். அம்மோனியா கண்ணில் தெறித்தால் கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு குறைந்தது அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றுங்கள். வண்டி பிடிக்க ஓடுவது அதற்குப் பிறகு. காரம் கண்ணுக்குள் ஊடுருவுகிற வேகம் அமிலத்தைவிட அதிகம்.

அக்காவுக்குக் கை ஆறிவிட்டது. தோலில் நிறம்தான் இன்னும் முழுசாக வரவில்லை. போன வாரம் வந்தபோது பீப்பாயை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். தோப்பில் பிலாவடியில் தனியாக ஒரு ஷெட் போட்டாச்சாம். "அந்த நட்டு சாருக்கக் கையில இருக்கா?" என்றார். இருக்கிறது, என் மேசை இழுப்பறையில். ரப்பர்ப் பாலோடு சம்பந்தப்பட்டவர்கள் யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறேன்.