கை தூக்கும் சபையில் ஒரு பள்ளிக்கூடம்

நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரில், கிராம சபை கூடும் நாளில் வாக்குப்பெட்டி கிடையாது. வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வந்தால் போதும், கைகளே வாக்குகள். 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது கேரள அரசு தன் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. தொடக்கப் பள்ளிகளும் ஊராட்சியின் பொறுப்பாயின.

ஆனால் சம்பளம் திருவனந்தபுரத்தின் கையில். 'சமக்ர சிக்ஷா' பணமோ டெல்லியின் கையில். பி.எம். ஸ்ரீ திட்டத்தில் சேராததால் 2024-25-ல் அந்தப் பணம் கேரளத்துக்கும் நின்றது. சில கிலோமீட்டர் தள்ளித் தொடங்கும் தமிழ்நாட்டுக்கும் நின்றது. 1956-ல் மொழியைச் சொல்லிப் போட்ட எல்லைக்கு இருபுறமும் ஒரே வெட்டு.

மிச்சம், ஊராட்சியின் சிறு தொகைதான். சாலையா, குடிநீர்க் குழாயா, பள்ளிக்கூரையா? சாலைக்கு எல்லாரும் கை தூக்குவார்கள். பிள்ளையைத் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறவர் கூரைக்கு ஏன் தூக்க வேண்டும்? அதிலும் தமிழ் வகுப்பு என்றால், இந்த எல்லைக் கிராமங்களில் தூக்கும் கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கேரளத் தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம். எழுதத் தெரிந்த பிள்ளை வேண்டுமே!