வாசல் உள்ள வேலி

சிம்மக்கல்லிலிருந்து வைகைக்கு இறங்கும் சந்து ஒன்றில் எங்கள் பழைய வீடு இருந்தது. பின்கட்டில் ஒரு கிணறு, அதையொட்டித் துவைகல், அதன் அருகே சிமெண்டால் கட்டிய தொட்டி. 1970-களின் பிற்பகுதியில் ஒரு தை மாதம், ஆற்றில் நீர் வடிந்து, கல்பாலத்தின் அடியில் தேங்கிய குட்டைகள் சேறாகிக்கொண்டிருந்தன. அங்கிருந்து உள்ளங்கை அளவுள்ள இரண்டு பால் ஆமைகளைத் தூக்கிவந்து அந்தத் தொட்டியில் விட்டோம். நாங்கள் உடன்பிறந்தோர் நால்வர். மூத்தவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. தண்ணீர் வற்றிச் சாகவிருந்த உயிர்களைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமிதம் எங்களுக்கு.

காப்பது எவ்வளவு கடினம் என்பது மறுநாளே தெரிந்தது. முதலில் காகம் வந்தது. கல்மேல் ஏறி வெயில் காய்ந்த ஆமையின் கண்ணை நோக்கிக் கொத்தியது. தொட்டியின்மேல் ஓலைப்பாயை விரித்தோம். இரவில் பூனை பாயை விலக்கிவிட்டது. கோழிக்கூட்டு வலையை வாங்கிவந்து கட்டி, நான்கு மூலைக்கும் கல் வைத்தோம். மேலிருந்து வரும் பகைக்கெல்லாம் விடை கண்டுவிட்டதாக நினைத்தோம்.

கீழிருந்தும் பகை வரும் என்பதை எண்ணவில்லை. பகலில் ஆமைகள் மண்ணில் உலவட்டும் என்று, துவைகல்லுக்கு அப்பால் செங்கல் அடுக்கி ஒரு சிறு பாத்தி அமைத்திருந்தோம். ஒரு மாலை, விளையாட்டு மும்முரத்தில், அவற்றைத் தொட்டிக்கு மாற்ற மறந்தோம். இரவில் பெருச்சாளி செங்கல்லுக்கு அடியில் வளை தோண்டி உள்ளே புகுந்துவிட்டது. வளர்ந்த பால் ஆமை கால்களை உள்ளிழுத்துக்கொண்டால், வயிற்றுப்புறத் தோல்மடிப்புகள் பின்கால்களை மூடிக்கொள்ளும். குட்டிக்கோ ஓடே இன்னும் இறுகவில்லை. காலையில் ஒன்று பாதி தின்னப்பட்டுக் கிடந்தது. மற்றொன்று ஓரத்து மண்ணுக்குள் புதைந்து தப்பியிருந்தது. நால்வரில் யார் மறந்தது என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டோம். நால்வருமே மறந்தோம் என்பதுதான் உண்மை.

அதன்பின் மிஞ்சிய ஆமையை மண்ணில் விடவே இல்லை. சிமெண்டுத் தொட்டி, மேலே வலை, வலைமேல் அம்மிக்கல். இனி எதுவும் அதைத் தொடமுடியாது என்று நிம்மதியாக உறங்கினோம். பங்குனி வெயில் ஏறியதும் ஆமை இரையைத் தொடாமல், தொட்டியின் ஒரு மூலையை நகங்களால் பிறாண்டத் தொடங்கியது. இரவெல்லாம் அந்த ஓசை கேட்கும். கோடையில் நீர் வற்றும்போது பால் ஆமை சேற்றுக்குள் புதைந்து, மழை வரும்வரை அசையாமல் கிடக்கும் இயல்புடையது என்பதை நாங்கள் அறியோம். எங்கள் அப்பத்தா ஒருநாள் அருகில் அமர்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பெருச்சாளிகிட்ட இருந்து காப்பாத்திட்டீங்க. சரிதான். உங்ககிட்ட இருந்து அதை யாருப்பா காப்பாத்துறது?”

அந்த ஆண்டு அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். திருவிழாக் கூட்டம் கலைந்தபின், ஓர் அந்திப்பொழுதில், கரையோரச் சேற்றில் ஆமையை இறக்கினோம். ஒரு கணமும் தயங்காமல் அது மண்ணுக்குள் மறைந்தது.

நெடுங்காலத்துக்குப் பின் சென்னைக்குச் சென்றிருந்தபோது, பெசன்ட் நகர்க் கடற்கரையில் மூங்கில் வேலியிட்ட ஒரு மணற்பரப்பைக் கண்டோம். சித்தாமைகள் ஒரு முறையில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இடுகின்றன. நாயும் நரியும் தோண்டித் தின்பதற்குள் அவற்றை எடுத்துவந்து புதைத்துவைக்கும் இடம் அது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவு முழுவதும் கரையோரம் நடந்து இப்பணியைச் செய்துவருகின்றனர். ஒன்றரை மாதம், சிலபோது சற்றுக் கூடுதலான நாள்கள். குஞ்சுகள் மணலைப் பிளந்து வெளிவருகின்றன. அவற்றைக் கூடையில் எடுத்துச்சென்று ஈரமணலில் விடுகிறார்கள். நாயை விரட்டுகிறார்கள், ஆனால் குஞ்சைக் கடலில் தூக்கிப் போடுவதில்லை. அந்தச் சிறு தொலைவை அது தானே நடந்து கடக்கிறது. ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து பெரிதாகும் என்பார்கள். அதை அறிந்தும் அவர்கள் வேலியைத் திறக்கிறார்கள்.

எங்கள் தொட்டியில் இல்லாதது எது என்று அங்கே நின்றபோது விளங்கியது. எங்கள் வேலிக்கு வாசல் இல்லை.

இன்று பால் ஆமையையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அடிபட்ட ஆமையைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்வதே முறை. கடைகளில் விற்கும் சிவப்புக்காது ஆமையோ அமெரிக்காவிலிருந்து வந்தது. பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. அதை ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லலாம்: சிறு கண்ணுள்ள உறுதியான கம்பிவலையை மேலே மூடுங்கள், அதே வலையை ஓரடியாவது மண்ணுக்குள்ளும் இறக்குங்கள், நிழலும் வெயிலும் நீரும் ஒருங்கே இருக்கட்டும், இரவில் மறவாமல் உள்ளே எடுத்துவையுங்கள். சலித்துவிட்டது என்று அதைக் கண்மாயில் விட்டுவிடாதீர்கள். நம் நீர்நிலைகளின் உயிர்களுக்கு அதுவே பகையாகிவிடும். வெளியே விடமுடியாத ஓர் உயிரை ஏற்பதென்றால், அதன் ஆயுள்முழுவதையும் ஏற்பதாகும். வாங்குமுன்னரே அதை எண்ணிப்பார்ப்பது நல்லது.

பழைய வீடு இப்போது எங்களிடம் இல்லை. நால்வரும் கூடும்போது அந்தப் பெருச்சாளியைப் பற்றிப் பேசுவோம், சிரிப்போம். தொட்டி மூலையில் கேட்ட அந்தப் பிறாண்டலைப் பற்றி மட்டும் நாங்கள் பேசுவதில்லை.