தம் கதையைத் தாமே சொன்னவர்கள்

தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்பது நம் இலக்கண மரபு. பவணந்தி முனிவர் நன்னூலில் இதனை விதியாகக் கூறி, சில இடங்களுக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறார். மன்னன் அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்தும் புலவன் தன்னைப் புகழ்ந்து கொள்ளலாம் என்பது அவர் கருத்து. இந்த அடக்கம் போற்றுதற்குரியதே. ஆயினும் தன்னைப் புகழ்தல் வேறு. தன் வாழ்வைச் சொல்லுதல் வேறு. இவ்விரண்டும் ஒன்றெனக் கருதினார்களோ என்னவோ, நம் பெரும்புலவர் பலர் தம்மைப் பற்றி யாதும் எழுதாமலே சென்றுவிட்டனர். சீறாப்புராணத்தில் தம்மை ஆதரித்த வள்ளல் அபுல்காசீம் மரைக்காயரை நன்றியுடன் பாடிய உமறுப் புலவர், தம் இளமையையும் கல்வியையும் விரித்துரைக்கும் நூல் ஒன்றைத் தந்தாரல்லர்.

தன்வரலாறு தற்புகழ்ச்சியாக அமைய வேண்டுவதில்லை என்பதற்குத் தமிழிலேயே தக்க சான்று உண்டு. டாக்டர் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வெளிவந்தது. 1950-இல் நூலுருப் பெற்றது. அந்நூலில் நம் உள்ளத்தில் ஆழப் பதிவது அவர் பெற்ற பட்டங்களின் வரலாறன்று. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் பயின்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா, சிலப்பதிகாரத்தை, மணிமேகலையைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை என்பதே விடை.

கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் அறியாமையை இவ்வாறு உலகறிய எழுதிவைத்தார். பின்னர்ச் சிந்தாமணியின் பொருள் விளங்காதபோது, சைவராகிய அவர் சமணர் இல்லங்களை நாடிச்சென்று கேட்டுத் தெளிந்ததையும் எழுதினார். 1887-இல் சீவகசிந்தாமணி அச்சேறியது என்ற செய்தியை எந்த இலக்கிய வரலாறும் கூறும். அதற்குமுன் ஒருவர் உள்ளம் நாணியதை அவர் ஒருவரே கூற இயலும்.

பிறர் எழுதும் வரலாறு நிகழ்ச்சிகளைக் காக்கிறது. ஒருவர் தாமே சொல்லும் கதை, பிறர் எவரும் பொருட்படுத்தாத மனிதர்களையும் சிறு செய்திகளையும் காக்கிறது. இதுவே நாம் இங்குக் கூறவிரும்புவது.

இதற்கு எடுத்துக்காட்டாக, கடல் கடந்த ஒரு நூலை மாணவர்க்கு அறிமுகம் செய்ய விழைகிறோம். மலாய் மொழியின் புத்துரைநடைக்கு முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 1796-இல் மலாக்காவில் பிறந்தார். அவர் தம் வாழ்வைத் தாமே கூறும் 'ஹிகாயத் அப்துல்லா' 1849-இல் சிங்கப்பூரில், ஜாவி எனப்படும் அரபெழுத்தில் அமைந்த மலாயில், கல்லச்சில் பதிப்பிக்கப்பட்டது. இராபிள்ஸ் துரையிடம் இளமையிலேயே எழுத்தராக இருந்தவர் அவர். மலாக்காக் கோட்டையை ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்ததைக் கண்ணாற் கண்டு எழுதியவர். ஆதலின் வரலாற்றாசிரியர்கள் அந்நூலைப் பெரிதும் பயன்கொள்கின்றனர்.

தமிழராகிய நமக்கு அந்நூலில் வேறொரு செய்தி காத்திருக்கிறது. அப்துல்லாவின் பாட்டனாருடைய தந்தையார் ஏமன் நாட்டு அரபியர். நம் நாகூருக்கு வந்து, அங்கே மணம் புரிந்து தங்கியவர். அவர் மைந்தருள் ஒருவர் மலாக்காவிற்குச் சென்று ஒரு பெண்மணியை மணந்தார். அப்பெண்மணியின் பெயர் பெரியாச்சி. தந்தையார் பெயர் சேகு மீரா லெப்பை. பெயர்களைக் கேட்ட அளவிலேயே இவர்கள் எம்மண்ணின் வழியினர் என்பது விளங்கும். அந்தப் பெரியாச்சி மலாக்காவில் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் குர்ஆன் ஓதுவித்த ஆசிரியையாக விளங்கினார். பேரனும் அவரிடத்தே ஓதினார். மேலும், மலாக்காவின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் வணிகத்தின் பொருட்டுத் தமிழ் பயிலுதல் அக்காலத்து வழக்கமாதலின், தம் தந்தையார் தம்மையும் தமிழ் கற்க அனுப்பினார் என்றும், இரண்டரை ஆண்டுகள் கற்றதாகவும் அப்துல்லா எழுதுகிறார்.

இராபிள்ஸைப் பற்றி அறிய ஆயிரம் ஆவணங்கள் உண்டு. பெரியாச்சியைப் பற்றி அறிய நமக்கு அந்தப் பேரனின் நூலே துணை. அவர் மட்டும் தம் கதையை எழுதாதிருந்தால், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கடல் கடந்த ஊரொன்றில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து எழுத்தறிவித்த தமிழ் முஸ்லிம் பெண்மணி ஒருவர் வாழ்ந்தார் என்பதையே நாம் அறிந்திருக்கமாட்டோம்.

எனினும் ஒன்று எண்ணற்பாலது. பெரியாச்சி அங்கே பேரனின் குரலில் வருகிறாரேயன்றித் தம் குரலில் வரவில்லை. மகளிர் தம் கதையைத் தாமே சொன்ன நூல்கள் பண்டு மிகச் சிலவே. பாபரின் மகளார் குல்பதன் பேகம், அக்பரின் வேண்டுகோளுக்கிணங்கப் பாரசீகத்தில் 'ஹுமாயூன் நாமா' வரைந்தார். அரசவை வரலாற்றாசிரியர்கள் போர்க்களங்களை விரித்துரைக்க, அவரோ திருமண விருந்துகளையும் குடும்பத்துப் பெண்டிரின் பயணங்களையும் பிரிவுத் துயரங்களையும் எழுதினார். முடிவுப் பகுதி இன்றியே அந்நூல் நமக்குக் கிடைத்துள்ளது. அரசகுலத்துப் பெண்மணியின் நூலுக்கே இந்நிலையென்றால், எளிய குடும்பத்துப் பெண்டிரின் சொற்களுக்கு யார் காவல்?

நம் காலத்தில் அக்காவலைத் தாமே மேற்கொண்டவர் பாமா. 1992-இல் வெளிவந்த 'கருக்கு', தலித் கிறித்தவப் பெண்ணொருவர் தம் ஊரையும் உற்றாரையும் தாம் பட்ட இழிவையும் தம் மக்களின் பேச்சுமொழியிலேயே உரைத்த நூல். அதன் மொழிநடை இலக்கியத்திற்கு ஏற்றதா எனத் தமிழ் கற்றோர் ஐயுறலாம். அம்மொழியைத் திருத்தியிருந்தால் செய்தி எஞ்சியிருக்கும், குரல் எஞ்சியிராது. தம் குரலில் சொல்லுதல் என்பது தம் மொழியில் சொல்லுதலும் ஆகும்.

இதனை யாம் நூலறிவால் மட்டும் கூறவில்லை. எம் இல்லத்திலேயே இத்தகைய குரல் ஒன்று உண்டு. உம்மம்மா என யாம் அழைத்த எம் தாயைப் பெற்ற பாட்டியார் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். தமிழ் எழுத்து ஒன்றையும் அறியார். ஆனால் குர்ஆன் ஓதிய இடத்திலேயே அரபுத்தமிழ் கற்றவர். அரபெழுத்துகளோடு தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில குறிகளைச் சேர்த்து, நம் முன்னோர் தமிழை எழுதிவந்த முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பேரறிஞர்கள் அதில் நூல்கள் இயற்றினர். வீட்டுப் பெண்கள் அதில் கடிதங்கள் எழுதினர்.

பாட்டனார் 1950-களில் பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்தார். பாட்டியார் ஊரிலிருந்து அவருக்கு எழுதிய கடிதங்களுள் இருபத்து மூன்றை அவர் நூல்கட்டி வைத்திருந்து, திரும்பி வருகையில் தகரப்பெட்டியில் தம் துணிகளோடு கொண்டுவந்தார். இருவரும் மறைந்தபின் அப்பெட்டி எம்மிடம் வந்தது. எழுத்தைக் கூட்டி வாசிக்க எம்மால் இயன்றதேயன்றிச் சொற்களைப் பிரித்தறிய இயலவில்லை. எண்பது வயதைக் கடந்த ஆலிம் ஒருவர் அன்புகூர்ந்து படித்துச் சொல்ல, யாம் அவற்றைத் தமிழெழுத்தில் பெயர்த்து வருகிறோம்.

அக்கடிதங்களில் அரசியல் இல்லை, பெருநிகழ்ச்சி ஏதுமில்லை. கிணற்று நீர் உப்பானதும், நல்ல தண்ணீருக்குக் குடம் அரையணா கொடுத்ததும், ஆடு இரண்டு குட்டி ஈன்றதும், பிள்ளைக்கு அம்மை கண்டு தணிந்ததும் உண்டு. ஒரு கடிதத்தில், "ஓட்டுல தண்ணி ஒழுவுது. அதுக்குண்டு பணம் அனுப்ப வாணாம். நீங்க ஒருக்கா வந்து பாத்துட்டுப் போனாப் போதும்" என்றிருக்கிறது. பொருள் தேடிக் கடல் கடந்தவர்களைப் பற்றி நம் ஊர்களில் பேசப்படுவது உண்டு. அவர்கள் ஈட்டிய பொருளில் எழுந்த மாளிகைகளையும் காண்கிறோம். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர் என்ன நினைத்தார் என்பதை அவர் வாயாலேயே யாம் கேட்டது அந்த மூன்று வரிகளில்தான்.

அவ்வரிகளை வகுப்பில் படித்துக் காட்டியபோது, "இதை நல்ல தமிழில் திருத்தி எழுதலாமே, ஐயா" என்றார் மாணவர் ஒருவர். தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க கேள்வியே. 'ஒழுகுகிறது' என்றும் 'வேண்டா' என்றும் எழுதுவது எமக்கு அரிதன்று. ஆனால் அப்போது பேசுபவர் எம் பாட்டியார் ஆகார், யாமே பேசுவோம். ஆதலின் ஒலிப்பு உள்ளவாறே பெயர்ப்பது எனத் துணிந்தோம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லங்களிலும் இத்தகைய பெட்டிகள் இருக்கலாம். பழைய கணக்கேடுகளும் கடிதங்களும் புரியாத எழுத்தெனக் கழித்துவிடத் தக்கனவல்ல. படிக்கவல்லார் உள்ளபோதே அவர்களிடம் காட்டுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் இருப்பின், விடுமுறை நாளில் அருகமர்ந்து கேளுங்கள். ஊர், ஆண்டு, உறவுமுறை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அவர்கள் சொல்லிய சொல்லை மாற்றாது எழுதுங்கள். பெருஞ்செய்தி வேண்டுமென வற்புறுத்தாதீர்கள். தண்ணீர்க் குடத்தின் விலையும் ஒரு செய்திதான். சமுதாயப் பெரியோர்களையும் பணிந்து வேண்டுகிறோம். எம்மிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று கூறி ஒதுங்கிவிடாதீர்கள். சொல்லுவதற்கு ஏதுமில்லை எனத் தாமே நினைத்தவர்களின் கதைகளே இதுகாறும் எழுதப்படாமற் போயின.

அரபுத்தமிழ் வாசிக்கவும் எழுதவும் இளைஞர் சிலரையேனும் பழக்குதல் இன்றைய தேவை. அப்துல்லாவின் நூல் அச்சேறியதனால் பிழைத்தது. ஜாவி எழுத்தைப் படிக்கவல்லார் மலாய் நாட்டில் இன்றும் உளர். நம் பாட்டிமார் எழுதியதை வாசிப்போர் தொகை நம்மிடையே அருகிவருகிறது. எம்மிடமுள்ள இருபத்து மூன்று கடிதங்களுள் பத்தொன்பது பெயர்த்தெழுதப்பட்டன. எஞ்சிய நான்கில் மை மங்கியுள்ளது. ஆலிம் அவர்களின் பார்வையும் மங்கிவருகிறது. வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் இருபதாம் கடிதத்தை எடுத்துக்கொள்கிறோம். உடனமர்ந்து அவ்வெழுத்தைக் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர் எவரும் எம்முடன் வரலாம்.