உண்டியல் எண்ணிய கோல்ஃப் அண்ணன்

நம்ம கோல்ஃப் அண்ணனோட பதினாறாம் நாள் காரியம் போன வாரம் நல்லபடியா முடிஞ்சது. வந்தவங்களுக்கும் போன் போட்டு விசாரிச்சவங்களுக்கும் குடும்பத்தார் நன்றி சொல்லச் சொன்னாங்க. இதுக்கு மேல எழுதறது என் சொந்தப் பேச்சு.

கோல்ஃப்னு கேட்டதும் அவரைப் பணக்காரர்னு நெனச்சவங்க நம்ம கோயில்லயே உண்டு. அவர் அப்பா தோட்டத்துல பால்மரம் சீவினவர். துரைமார் கிளப்புல பை தூக்கி, பந்து பொறுக்கித்தான் சின்ன வயசுல அண்ணன் அந்த ஆட்டத்தக் கத்துக்கிட்டாரு. லோரி ஓட்டி ரிட்டயர் ஆனப்புறம் பழைய மட்டை வாங்கி, கட்டணம் கம்மியா இருக்கற வார நாள்ல ஆடுவாரு. நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்ற என்னையும் இழுத்துட்டுப் போவாரு. நான் அடிச்ச பந்துல பாதி குளத்துக்குள்ளதான் கிடக்கும்.

உண்டியல் எண்ண உட்கார்ந்தா அவர் கையைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம். கோல்ஃப்ல ஒத்தக் கைக்குத்தான் உறை. அதனால இடது கை வெளுத்து, வலது கை கறுத்து இருக்கும். மாமன்னர் தலை எல்லாம் ஒரே பக்கம் பார்க்கணும், நூறு நோட்டுக்கு ஒரு ரப்பர். ஒரு வெள்ளியும் அஞ்சு வெள்ளியும் பிளாஸ்டிக், கட்டு வழுக்கும். வேகமா எண்ணுற பசங்களுக்கு அவர்கிட்ட திட்டு நிச்சயம்.

ஜொகூர் பாருல இருக்கறதால நமக்கு சிங்கப்பூர் காசு நிறைய விழும். சிங்கப்பூர் சில்லறையில 'சிங்கப்பூர்'னு தமிழ்ல இருக்கும். அதைப் பசங்ககிட்ட காட்டி வாசிக்கச் சொல்லுவாரு. வாசிக்கத் தெரியாதவங்களுக்கு அன்னிக்கு வடை கிடையாது. பத்து வெள்ளி நோட்டுல பந்தாட்டம், நீச்சல், பாய்மரப் படகு எல்லாம் வரைஞ்சிருக்கான், கோல்ஃப் மட்டும் இல்லன்னு அவருக்கு ஒரு குறை. எனக்குப் பிடிச்சது நம்ம பழைய நூறு வெள்ளி. அதுல புரோட்டோன் கார் தயாரிக்கிற படம் இருந்தது. நான் ஃபேக்டரி ஆளு, வேற எது பிடிக்கும்? இப்ப அதே நூறுல முலு மலைக் கூர்ப்பாறை.

பத்து வருஷத்துக்கு மேல இருக்கும், உண்டியல்ல ஒரு இந்தோனேசிய நோட்டு வந்தது. 20,000 ரூப்பியா. கல்விக்குப் பாடுபட்ட கி ஹஜார் தேவந்தாரா படம், பக்கத்துல நம்ம பிள்ளையார்! பின்னாடி வகுப்பறைல பிள்ளைங்க. முஸ்லிம்கள் அதிகமா வாழற நாட்டு நோட்டு அது. 1998-ல வந்தது, 2008 கடைசியில செல்லாதுன்னு நிறுத்திட்டாங்க. மணி செஞ்சர்கிட்ட கொண்டு போனோம், வேணாம்னுட்டாரு. மேடான்ல இருந்து வந்த யாராவது போட்டிருக்கலாம்.

செல்லுபடியா இருந்தாலே ஏழெட்டு வெள்ளிதான். அண்ணன் பத்து வெள்ளியை உண்டியல் கணக்குல வெச்சு, பொருளாளர்கிட்ட சொல்லிட்டு அந்த நோட்டை எடுத்துக்கிட்டாரு. "படிப்புக்கு ஒருத்தர் படம் போட்டா பக்கத்துல யார வைக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு தம்பி"ன்னாரு. அதுக்கப்புறம் பாத்தாமுக்கு ஆடப் போனா, படகுத்துறை கடைகள்ல மிச்சக் காசை விரிச்சு இன்னொரு பிள்ளையார் இருக்கான்னு தேடுவாரு. கிடைக்கல. பாலி ஏரிக் கோயில் போட்ட 50,000 நோட்டுதான் கிடைச்சது.

காரியத்தன்னிக்கு அண்ணி ஒரு கவர் குடுத்தாங்க. ரெண்டு நோட்டும் உள்ள இருந்தது. தூக்கத்துலயே போன மனுஷன் தலைமாட்டுல, பர்சுக்குள்ள இருந்ததாம். "கோயில்லருந்து வந்தது, கோயிலுக்கே போகட்டும் தம்பி"ன்னாங்க. எனக்குப் பேச்சு வரல.

கண்ணாடி போட்டு மாட்டலாம்னு சிலர் சொல்றாங்க. இணையத்துல வித்தா நல்ல விலை வரும்னு பசங்க சொல்றாங்க. எனக்கு ரெண்டும் ஒப்பல. திருப்பணிக்குக் குடுத்தப்ப கல்லுல பேரு வேணாம்னு அடம் பிடிச்சவர் அவர். செவுத்துல மாட்டினா கோச்சுக்குவாரு. பொருளாளர்கிட்ட பேசியாச்சு: 50,000 நோட்டை மாத்தி அண்ணன் பேருல ரசீது போட்டுடுவோம். பிள்ளையார் நோட்டு, உண்டியல் எண்ணும்போது எடுக்கற ரப்பர் டப்பாவுலயே இருக்கும். வந்து எண்ணுறவங்க பார்க்கலாம்.

அடுத்த எண்ணிக்கை வர்ற ஞாயிறு, உச்சிக்கால பூஜை முடிஞ்சதும். ஒரு ஆள் குறையுது. ரெண்டு மணி நேரம் தரையில உட்கார முடிஞ்சவங்க என் நம்பருக்குச் சொல்லுங்க. கையில எண்ணெய் இல்லாம வாங்க.