பெயரேடும் மின்வெட்டும்

ஒரு பொருளின் உறுதியை நல்ல நாளில் அறிதல் அரிது. எமது புத்தூரின் நிலாவரைக் கிணற்றில் மேலே மொள்ளும் நீர் நன்னீர். ஆழத்தில் இருப்பதோ உவர்நீர். கணினியில் பெயர்களைக் காக்கும் தரவுத்தளமும் அத்தகையதே. மின்சாரம் ஒழுங்காக வரும் நாளில் எல்லாத் தளங்களும் சிறந்தனவாகவே தோன்றும்.

அடைவுச் சேர்வர் என்பது ஒரு நிறுவனத்தின் பெயரேடு. இன்னார் யார், அவருக்கு எக்கதவு திறக்கும் என்பதை ஏனைய கணினிகள் அதனிடமே கேட்டறியும். 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் தட்டுப்பாட்டால், இலங்கையின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அக்காலத்தில் நான் பகுதிநேரம் பணிபுரிந்த ஓரிடத்தில், ஒருநாட் காலை அப்பெயரேடு திறக்க மறுத்தது. அலுவலர் எவரும் தம் கணினிக்குள் நுழைய இயலவில்லை. முதல்நாள் சேர்த்த பெயர்கள் உளவோ இலவோ என்பதும் ஐயமாயிற்று. ஏட்டில் பெயரில்லாதவன் அங்கு ஆளே இல்லாதவன் ஆகிறான் என்பதை அன்று உணர்ந்தேன்.

காரணத்தைக் கணினி கற்ற அத்தானிடம் வினவினேன். ஓப்பன்எல்டாப் என்னும் அடைவு மென்பொருள் நெடுங்காலம் பேர்க்லி டீபி என்னும் தளத்தைச் சார்ந்திருந்தது. அது மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பின்னர் உரிய பக்கத்திலேயே திருத்தும். இடையில் மின்சாரம் நின்றால், குறிப்பேட்டைக் கொண்டு பக்கங்களைச் சீர்செய்தல் வேண்டும். அப்பணியறிந்தார் அருகில் இல்லாவிடின் அலுவல் நிற்கும். ஹவாட் சூ ஆக்கி, 2011இல் வெளியான எல்எம்டீபி வேறு வழி கண்டது. வழக்கிலுள்ள பக்கத்தை அது தொடுவதில்லை. புதிய பக்கத்தில் எழுதி முடித்த பின்னரே, இனி இதுவே மூலம் எனத் தலைப்பக்கத்தில் சுட்டும். ஆதலின் இடையில் மின்சாரம் நின்றாலும் பழைய ஏடு பழுதின்றி நிற்கும். எழுதுவோர் ஒரு நேரத்தில் ஒருவரே. வாசிப்போரோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. வாசிப்பு மிக்கு எழுத்துக் குறைந்த பெயரேட்டுக்கு இம்முறை பெரிதும் பொருந்தும். 2021இல் வெளிவந்த 2.5ஆம் பதிப்பில், பேர்க்லி வழியை ஓப்பன்எல்டாப் முற்றாகவே நீக்கியது.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. ஏட்டின் உச்ச அளவை முன்கூட்டியே விதித்தல் வேண்டும். அது நிறைந்தால் புதுப்பெயர் ஏறாது. விரைவு கருதி, எழுதியது வட்டில் பதிந்ததை உறுதிசெய்யும் முறையை நிறுத்தினால், காப்பும் உடன் போய்விடும். வட்டே அழிந்தால் எத்தளமும் அழியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத சுவடிகள் மீளவேயில்லை. ஆகவே, எல்எம்டீபியைத் தேர்ந்த பின்னரும் நாள்தோறும் ஒரு படியெடுத்து வேறோரிடத்தில் வைத்தல் வேண்டும் என்பேன். தளத்தைத் தேர்தல் அறிவு, படியெடுத்தல் கடமை.