லேக் மார்க்கெட்டில் கெருஸ்கிகள்

சாப்பாட்டு மேசை மீது வேசர் ஆற்றங்கரையின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. காற்றில் பறக்காமலிருக்க மூலைக்கொன்றாக மண்குவளைகள். மூன்றில் தேநீர், நான்காவதில் பகடைகள். நடுவில் பொரியும் பச்சைமிளகாயும். மழை பிடித்துக்கொண்டதால் ராஷ்பிஹாரி அவென்யூவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. மேசையில் இருக்கும் ஐந்து பேரும் சன்னல் பக்கம் திரும்பவில்லை. சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் என்னையும் மறந்துவிட்டார்கள்.

ஆட்டத்தை நடத்துபவன் வரலாறு படிக்கும் வங்காளி இளைஞன். மற்றவர்களுக்கு அவன் ‘தாதா’. இன்றுதான் முதன்முதலாக வந்திருப்பவள் கீழ்வீட்டுத் தமிழ்ப்பெண், கல்லூரியில் முதலாண்டு. அவள் முன்னால் ஒரு தாளை நகர்த்துகிறான். அவள் தயாராகத்தான் வந்திருக்கிறாள்.

“வைக்கிங். கொம்பு வச்ச தலைக்கவசம், ரெண்டு கோடரி.”

யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

“நாம இருக்கிறது கி.பி. 8. வைக்கிங்குகள் வர இன்னும் ஏறக்குறைய 800 வருஷம் இருக்கு. கொம்பு அவங்களுக்கும் கிடையாது. 1876ல வாக்னரோட இசைநாடகத்துக்கு உடை வரைஞ்சவர் வச்சது அது. நீ கெருஸ்கி, ஒரு ஜெர்மானியக் குடி. உனக்கு ஒரு மரக்கேடயம், ஒரு ஈட்டி. ஈட்டி முனை சின்னது, ஏன்னா இரும்பு கம்மி. வாள் உங்க ஊர்லயே ரெண்டு மூணு பேர்கிட்டதான் இருக்கும்.”

பெண்ணின் முகம் கொஞ்சம் வாடுகிறது. தாளில் பலம், வேகம் என்று எண்கள் எழுதும் கட்டங்களைத் தேடுகிறாள். 1974இல் கைகாக்ஸும் ஆர்னெசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியிட்ட நாளிலிருந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்கள் பெரும்பாலும் அந்த எண்களில்தான் தொடங்குகின்றன. இந்தத் தாளில் அவை கடைசியில் இருக்கின்றன. மேலே இருப்பவை வேறு: அப்பா யார்? தாய்மாமன் யார்? யாரோடு பகை? யாருக்கு எத்தனை மாடு தர வேண்டும்?

“தாய்மாமனா?” நிமிர்ந்து உட்காருகிறாள்.

அவன் பழைய புத்தகமொன்றைப் புரட்டுகிறான். கல்லூரித் தெருவின் பழம்புத்தகக் கடைகளில் கிடைக்கும் வகை, முதுகில் ஒட்டுத்தாள். டாசிட்டஸ் கி.பி. 98இல் எழுதிய ‘ஜெர்மானியா’. அந்தக் குடிகளில் சகோதரியின் பிள்ளைகள் தகப்பனுக்கு எவ்வளவோ அவ்வளவு மாமனுக்கும் உரியவர்கள். தகப்பனின் நட்போடு பகையும் பிள்ளைக்கு வந்து சேரும். ஆனால் பகைக்குத் தீர்வு உண்டு. கொலைக்குக்கூட ஆடுமாடு கொடுத்து ஈடு செய்யலாம், அதைப் பெற்றுக்கொள்வது மொத்தக் குடும்பமும். அவன் சொல்லச் சொல்ல அவள் பேனா வேகமெடுக்கிறது. இளைஞன் ஒருவனின் பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறாள். மாமனுக்கு ஒரு நொண்டிக்கால், ஒரு பழைய கொலைப்பழி. யாரும் கேட்காமலே ஒரு பாட்டியையும் சேர்க்கிறாள். எனக்குத் தெரிய அவளுடைய ஆட்டம் அந்த இடத்தில்தான் தொடங்கியது.

மேசையின் அந்தக் கோடியில், வந்ததிலிருந்து பேசாத புருலியா மாணவன் கேட்கிறான்: “இந்த டாசிட்டஸ் அங்க போயிருக்காரா?”

“போனதா சான்று இல்ல. ரோமாபுரியில இருந்துதான் எழுதினார். இவங்க தரப்புல எழுத்தே இல்ல. பாட்டுதான் இவங்க வரலாறுன்னு அவரே சொல்றார்.”

“எங்க சந்தால் ஜனங்களைப் பத்தியும் 1872ல டால்டன் ஒரு பெரிய புத்தகம் போட்டார். இந்த ஊர்லதான் அச்சாச்சு.” குரலில் புகார் இல்லை. “எங்க ஊர்ல இப்பவும் ஊர்த்தலைவர் மாஞ்சி முன்னாடிதான் வழக்கு. ரெண்டு வீட்டாரும் பேசி முடிக்கிற வரைக்கும் அவர் வாயைத் திறக்க மாட்டார்.”

நடத்துபவன் புத்தகத்தை மூடி வைக்கிறான். “அப்ப இன்னைக்குச் சபையை நீ நடத்து.”

தன் இடத்தை அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்த அந்த இளைஞன் மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆட்ட விதிகளை எழுதிய தாளின் தலைப்பில் அவன் போட்டிருக்கும் வரி முன்பே என் கண்ணில் பட்டிருந்தது: ‘தூய இரத்தம் என்று இங்கே யாரும் பேசக் கூடாது.’ காரணம் இருக்கிறது. 1786இல் இதே கொல்கத்தாவின் ஆசியவியல் கழகத்தில்தான் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க லத்தீனுக்கும் மூலம் ஒன்று, கோத்திய மொழிக்கும் அதுவாகவே இருக்கலாம் என்று உரையாற்றினார். மொழியைப் பற்றிய அந்த எண்ணத்தைப் பின்னால் வந்தவர்கள் இரத்தத்தைப் பற்றியதாகத் திரித்தார்கள். 1943இல் ஹிம்லரின் ஆட்கள் ‘ஜெர்மானியா’வின் பழஞ்சுவடி ஒன்றுக்காக இத்தாலியில் ஒரு மாளிகையையே குடைந்தார்கள், சுவடி அகப்படவில்லை. ஜெர்மானியக் குடியாக ஆட வருகிறவர்கள் கேடயம் எடுக்கும் முன் படிக்க வேண்டிய வரி அது.

சபை கூடுகிறது. முழுநிலவு. வழக்கு, மாமனின் கொலைப்பழி. பிடித்திருந்தால் பென்சிலால் மேசையைத் தட்ட வேண்டும். அந்தக் காலத்தில் ஈட்டியை ஆட்டி ஒலியெழுப்புவார்கள். பிடிக்காவிட்டால் முணுமுணுப்பு. புதுப்பெண் எழுந்து நிற்கிறாள். உட்கார்ந்தபடியே பேசலாம் என்கிறார்கள், அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். முதலில் ஆங்கிலம், பிறகு வங்காளம்.

“என் மாமா செஞ்சது தப்பு. ஆனா அவருக்கு நடக்க முடியாது. ஈடு நான் தரேன். பத்து மாடு.”

முணுமுணுப்பு.

எதிர்வீட்டுக்காரனாக ஆடும் பையன் பகடைக் குவளையைக் குலுக்குகிறான். “ஆடிப் பார்த்துடலாம். நீ ஜெயிச்சா கடன் இல்ல. தோத்தா உன் மாமா எனக்கு அடிமை.”

இதுவும் டாசிட்டஸில் இருப்பதுதான். எல்லாவற்றையும் தோற்றபின் சொந்த விடுதலையையே பணயம் வைத்து உருட்டுவார்களாம், அதுவும் குடிக்காத நிலையில். தருமன் கதை கேட்டு வளர்ந்த அந்த அறையில் யாருக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பெண் குவளையை வாங்கி, மாணவன் முன்னால் கவிழ்த்து வைக்கிறாள்.

“மாமாவை வச்சு ஆட மாட்டேன். பதினாலு மாடு. அறுவடை வரைக்கும் உங்க வயல்ல நான் வேலை செய்யறேன்.”

இரண்டு வீட்டாரும் சொல்லி முடிக்கும்வரை மாணவன் பொறுத்திருக்கிறான். பிறகு பென்சிலால் ஒரு தட்டு. மற்றப் பென்சில்களும் சேர்ந்துகொள்ள, பொரித்தட்டு அதிர்கிறது. அவள் தாளில் இப்போது ஈட்டியும் கேடயமும் எழுதப்படுகின்றன. சபை கொடுத்தால்தான் அவை அவளுடையவை.

அடுத்த ஞாயிறு என்ன என்று நடத்துபவன் சொல்கிறான். ரோமானியப் படையில் பணியாற்றி, குதிரைவீரர் தகுதியும் பெற்ற அர்மினியுஸ் ஊர் திரும்புகிறான். ரோமாபுரியை விட மறுக்கும் செகெஸ்டெஸ் தனியே ஆள் சேர்க்கிறான். இரண்டு பேரும் இந்த வீட்டுக்கு வருவார்கள். யார் பக்கம்?

மறு ஆண்டு காட்டில் ரோமானியத் தளபதி வாருஸின் மூன்று படையணிகள் அழியப்போவது மேசையில் பலருக்குத் தெரியும். வென்ற அர்மினியுஸ் கி.பி. 21இல் சொந்த உறவினர் கையாலேயே சாகப்போவதும் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். யாரும் வெளியே விடவில்லை. பழைய ஆட்கள் இருவர் அர்மினியுஸ் பெயரைச் சொல்லிக் கையைத் தூக்குகிறார்கள். புதுப்பெண் கையைத் தூக்காமல் தன் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“செகெஸ்டெஸ் எங்க மாமாவுக்கு என்ன உறவு?”