மேசைமேல் ஒரு போர்க்களம்

நாட்டிங்காம் நகருக்கு நாம் குடிபெயர்ந்த ஆண்டில், பன்னிரண்டு வயதான எம் மகன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். பள்ளியிலிருந்து திரும்பியதும் அவனது அறைக் கதவு சாத்திக்கொள்ளும். அவனை எம் அருகே அமர்த்த வழி தேடிய நாம், அந்நகரையே தாயகமாகக் கொண்ட ‘வார்ஹாமர்’ விளையாட்டை நாடினோம்.

சிற்றுருவப் படைகளை மேசைமேல் நிறுத்தி, அங்குலக் கணக்கில் அளந்து நகர்த்திப் பொருதும் ஆட்டம் அது. இக்கலை புதியதன்று. 1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் போர்ப்பயிற்சி தர விதிநூல் வெளியிட்டார். 1913-இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மை வீரர்களுக்குப் போர்விதி வகுத்தார். அரக்கரும் மாயாவிகளும் மோதும் வார்ஹாமர் 1983-இல் பிறந்தது; அதன் வழிவந்த ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ 2015-இல் வெளியாயிற்று. நாம் தேர்ந்தது பின்னதையே.

ஆர்வ மிகுதியால் ஒரு பெரும்படையையே வாங்கிக் குவித்தோம். வாங்குவதே தொடங்குவது என்று எண்ணிய பேதைமையை என்னென்பது! சாம்பல்நிறப் பிளாஸ்டிக் குவியலைக் கண்டு மலைத்தான் மகன், நாமும் மலைத்தோம். ஓராண்டுக் காலம் பெட்டிகள் அலமாரியில் உறங்கின. கதவும் சாத்தியே இருந்தது.

“முதலில் பத்தே உருவங்களை முடியுங்கள்” என்றார் அனுபவமிக்க ஆட்டக்காரர் ஒருவர். அவ்வாறே செய்தோம். சட்டத்திலிருந்து உறுப்புகளை நறுக்கி, பிசிறு நீக்கி, பசையிட்டு ஒட்டினோம். அடிப்பூச்சு காய்ந்தபின், நீர் கலந்த வண்ணத்தை மெல்லிதாக இருமுறை பூசினோம். எம் கைநடுக்கத்தால் எலிமனிதன் ஒருவனின் விழி பிசகியது.

“வாப்பா, உங்கள் எலிக்கு மாறுகண்!”

பல மாதங்களுக்குப்பின் அவன் சிரித்த சிரிப்பு அது.

அவனுக்கு ஐந்து கவச வீரர். எமக்குப் பத்து எலிமனிதர். பகடை என்றதும் வாசகர் புருவம் உயரக்கூடும். இங்கே பணயமில்லை. அடி பட்டதா, காயம் விளைந்ததா, கவசம் காத்ததா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை சொல்வதே பகடையின் வேலை. விதிகளை அவன் விளக்க, நாம் மாணவரானோம். ஒரு மணி நேரத்தில் எம் படை மாண்டது. “அடுத்த முறை மறைவிடத்தில் நிறுத்துங்கள், வாப்பா” என்று ஆறுதலும் கூறினான்.

2024-இல் வந்த ‘ஸ்பியர்ஹெட்’ முறை, நான்கு சுற்றுகளில் முடியும் சிறுபடை ஆட்டம். அடுத்து அதற்கே ஆயத்தமாகிறோம். தொடங்க விழையும் பெற்றோர்க்கு நாம் சொல்வது இவ்வளவே: சிறிதாக வாங்குங்கள், வாங்கியதை முடியுங்கள், பிள்ளையிடம் தோற்கவும் கற்றுக்கொள்ளுங்கள். எமக்கு வாய்த்த வெற்றி அத்தோல்வியில்தான் இருந்தது.